அப்புக்காத்தா, பிறக்கிராசியா?

"என்ன பிள்ளை, அப்புக்காத்தாய் வரப்போறியோ, பிறக்கிராசியாய் வரப்போறியோ?"

அம்மம்மாவின் கேள்விக்குப் பேத்தி முழித்தாள். இரண்டு சொல்லும் அவள் காதில் விழுவது அதுதான் முதல் தடவை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி. வயது பதினேழு. பள்ளி இறுதித் தேர்வு இன்னும் முடியவில்லை. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க டிசம்பர் 8 கடைசி நாள். அன்று நவம்பர் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஏழரை ஆகியும் வெயில் அந்தச் சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவே ஒரு தாள். அதில் அப்பா ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டிருந்தார். முதல் கட்டத்தில் "எல்.எல்.பி. மட்டும், 4 வருசம்". இரண்டாவதில் "பி.காம்., எல்.எல்.பி., 5 வருசம்", அதற்கு இரண்டு முறை அடிக்கோடு. மூன்றாவது கட்டத்தில் மகளின் கையெழுத்து: "பி.ஏ. ஹிஸ்டரி, எல்.எல்.பி., 5". பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

"அண்ணை, நீங்கள் பத்திரிகையிலை எழுதுற ஆள். ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ. இதிலை எது பெரிய பட்டம்?" என்றார் அப்பா.

அவர்கள் பருத்தித்துறையிலிருந்து வந்தவர்கள். நான் திருநெல்வேலிக்காரன். ஒரே தெருவில் பல வருஷப் பழக்கம். இந்தக் கேள்வி என்னிடம் வந்தது அந்த மாதத்தில் இரண்டாவது தடவை. பத்து நாளைக்கு முன்னால் பாளையங்கோட்டையிலிருந்து என் தங்கை போனில் கேட்டாள். "அண்ணே, உங்க மருமகன் வக்கீலுக்குப் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். ப்ளஸ் டூ முடிச்சதும் அஞ்சு வருஷப் படிப்புல சேக்கவா, இல்ல ஒரு டிகிரி முடிச்சிட்டு மூணு வருஷம் படிக்கட்டுமா?"

இரண்டு வீட்டுக்கும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஒரு பிள்ளையின் ஐந்து வருடம் என்பது சின்ன விஷயமா? விசாரித்தேன், விதிகளை எடுத்துப் படித்தேன், படித்தவர்களிடமும் படித்துக்கொண்டிருப்பவர்களிடமும் பேசினேன். பேசப் பேச ஒன்று தெளிவானது. எது பெரிய பட்டம் என்று கேட்பதில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது.

பெயர் சேர்க்கும் நாளில்

நியூசிலாந்தில் வழக்கறிஞர் ஆக வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தின் பெயர்ப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இதற்கு வழி வகுத்திருக்கிறது. நாட்டில் உள்ள ஆறு சட்டப் பள்ளிகளில் ஏதோ ஒன்றில் வாங்கிய எல்.எல்.பி. வேண்டும். தொழில் நெறி பற்றிய தாளில் தேறியிருக்க வேண்டும். பட்டத்துக்குப் பிறகு சில மாதத் தொழிற்பயிற்சிப் படிப்பு ஒன்றை முடிக்க வேண்டும். நன்னடத்தை உள்ளவர் என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான். தனியாக எல்.எல்.பி. படித்தாயா, இன்னொரு பட்டத்தோடு சேர்த்துப் படித்தாயா என்ற கேள்வி அங்கே எந்த இடத்திலும் வரவில்லை.

நண்பர் ஒருவரின் மகளுக்காக அப்படி ஒரு பெயர் சேர்ப்புக்குப் போயிருந்தேன். ஆக்லாந்து உயர் நீதிமன்றம் 1860-களில் கட்டப்பட்ட செங்கல் கட்டடம். வெளிச்சுவரில் ஆன்டன் டாய்ட்டன்பெர்க் என்ற சிற்பி செதுக்கிய தலைகள் வரிசையாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளைப் பட்டையுமாகப் பிள்ளைகள். பின் வரிசைகளில் குடும்பங்கள். எனக்கு முன்னால் ஒரு சமோவா குடும்பம், பக்கத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், காஞ்சிபுரம் பட்டில் எங்கள் நண்பரின் மனைவி. ஒவ்வொருவருக்காகவும் ஒரு மூத்த வழக்கறிஞர் எழுந்து, இவரைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நீதிபதியிடம் வேண்டுகிறார். உறுதிமொழி, கையெழுத்து, முடிந்தது. அன்று வரிசையில் நின்றவர்களில் யார் நான்கு வருடம் படித்தவர், யார் ஐந்து வருடம் படித்தவர் என்று பார்த்தால் தெரியாது. எல்லோருக்கும் கிடைத்த பெயர் ஒன்றுதான்: நியூசிலாந்து உயர் நீதிமன்றத்தின் பாரிஸ்டரும் சொலிசிட்டரும்.

அம்மம்மாவின் கேள்விக்குப் பதில் இந்தப் பெயரிலேயே இருக்கிறது. அந்தக் கால யாழ்ப்பாணத்தில் மேல் நீதிமன்றத்தில் நின்று வாதாடுபவர் அப்புக்காத்து. கட்சிக்காரரைப் பார்த்து, பத்திரம் தயாரித்து, வழக்கைக் கட்டி எழுப்பிக் கொடுப்பவர் பிறக்கிராசி. ஐரோப்பியர் ஆட்சியில் தமிழில் ஒட்டிக்கொண்ட சொற்கள் இவை. இரண்டுக்கும் படிப்பு வேறு, மதிப்பு வேறு. பெண் பார்க்கும்போது சீதனமும் வேறு என்றார் அம்மம்மா. 1973-ல் இயற்றி 1974-ல் நடைமுறைக்கு வந்த நீதி நிர்வாகச் சட்டம் இந்த இரண்டையும் ஒன்றாக்கி 'சட்டத்தரணி' ஆக்கியது. நியூசிலாந்திலும் இரண்டும் ஒரே கையில்தான் கிடைக்கின்றன. பிறகு விரும்பினால் தனி பாரிஸ்டராகப் போகலாம். அது பட்டத்தைப் பொறுத்ததல்ல, அனுபவத்தைப் பொறுத்தது.

ஆக, பேத்தி இரண்டுமாகத்தான் வருவாள். அம்மம்மாவுக்கு அது நல்ல செய்தி.

முதல் கட்டமும் முதல் வருடமும்

தனி எல்.எல்.பி. என்றதும் நம் வீடுகளில் ஒரு தயக்கம் வருகிறது. ஒன்றுதானா, கூட ஒன்று வேண்டாமா என்கிறோம். கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதைப் பார்த்த பிறகு ஒன்றை மட்டும் எடுத்து வர மனம் கேட்காதது போல. நான்கு வருடப் பட்டத்தைப் பற்றி இப்படி நினைப்பது நியாயமில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. முதல் ஆண்டில் சட்டத் தாள்கள் சிலவே. மிச்சமெல்லாம் வேறு துறைகள். வரலாறு, தத்துவம், பொருளியல், மொழி என்று மாணவரே தேர்ந்தெடுக்கலாம். இரண்டாம் ஆண்டில்தான் சட்டம் முழு எடையோடு வருகிறது: குற்றவியல், ஒப்பந்தம், பொதுச் சட்டம், ஒருவர் செய்த தீங்குக்கு இன்னொருவர் ஈடு கேட்கும் டார்ட்ஸ். அதற்கடுத்து நிலச் சட்டம், ஈக்விட்டி, சட்டத் தத்துவம். கடைசியில் விருப்பப் பாடங்கள்.

இந்த முதல் வருடத்துக்கும் இரண்டாம் வருடத்துக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. முதல் ஆண்டில் சேர்வது அவ்வளவு கடினமில்லை. இரண்டாம் ஆண்டுக்கு இடம் வரம்புக்குட்பட்டது. முதல் ஆண்டு மதிப்பெண் சராசரியை வைத்துத்தான் கதவு திறக்கும். ஏ பிளஸுக்கு 9 புள்ளி என்ற கணக்கில் சராசரி பார்க்கிறார்கள். அதில் சட்டத் தாள் மட்டுமல்ல, மற்றத் தாள்களும் சேர்த்தி. பிடிக்காத கணக்குப்பதிவியலைக் கூட எடுத்து அதில் சி வாங்கிய பிள்ளை, சட்டத்தில் ஏ வாங்கியும் வெளியே நிற்க நேரும். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இது நடந்தது. அந்தக் கணக்குத் தாள் அவன் கேட்டு எடுத்ததல்ல.

அந்தப் பையனின் அம்மா என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "காப்புக்கு இருக்கட்டும்னுதான் பி.காம். சேத்தோம். காப்பே கழுத்துக்கு வந்துட்டுது."

காப்புக்கு ஒரு பட்டம்

இணைப்பட்டம் என்பது இரண்டு பட்டங்களை ஒன்றாகப் பின்னிப் படிப்பது. தனித்தனியாகப் படித்தால் ஏழு வருடம் ஆகக்கூடியதை, பொதுவான தாள்களைக் கழித்து ஐந்து வருடத்திலோ சற்றுக் கூடவோ முடிக்கலாம். ஒரு முழு வருடத்துக்கு 120 புள்ளி என்பது வழக்கம். இணைப்பட்டக்காரர் பெரும்பாலும் அதற்கு மேல் சுமப்பார். ஒட்டுமொத்த சராசரியும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது. நடுவில் ஒன்று ஒத்துவராவிட்டால் அதை விட்டுவிட்டு மற்றதைத் தனிப்பட்டமாகத் தொடரலாம். இரண்டாம் ஆண்டுக் கதவு திறக்காத பிள்ளைக்கு மற்றப் பட்டம் கையில் இருக்கும் என்பதும் உண்மையான ஆறுதல்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தனி எல்.எல்.பி.யில் சேர்ந்த பிள்ளைக்கும் முதல் ஆண்டில் எடுத்த மற்றத் துறைத் தாள்கள் வீணாவதில்லை; பி.ஏ.வுக்கோ பி.காமுக்கோ மாறிக்கொள்ளும்போது அவை கணக்கில் வரும். பயந்து சேர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இணைப்பட்டம் அருமையாகப் பொருந்தும் இடங்களும் உண்டு. அறிவியலில் ஊறிய பிள்ளைக்கு பி.எஸ்சி.யோடு சட்டம் தங்க வாய்ப்பு. காப்புரிமை வழக்கறிஞராவதற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பொதுவான ஒரு பதிவு முறை 2017-லிருந்து இருக்கிறது. அதற்குத் தொழில்நுட்பத் துறையில் ஒரு பட்டம் கட்டாயம். சட்டப் பட்டம் கூடக் கட்டாயமில்லை. இரண்டும் உள்ளவர் அந்தத் துறையில் மருந்து மூலக்கூறையும் படிப்பார், மனுவையும் எழுதுவார். நம் வீடுகளில் வேதியியலில் நன்றாக வரும் பிள்ளைகளை எல்லாம் மருத்துவத்தின் பக்கம் மட்டுமே தள்ளிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கதவை ஒரு தடவை காட்டலாமே.

வணிகத்தில் மனமுள்ள பிள்ளைக்கு பி.காம். இணைப்பு நிச்சயம் உதவும். வரி, நிறுவனச் சட்டம், திவால் வழக்கு எல்லாவற்றிலும் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞருக்குத் தனி மதிப்பு. ஆனால் ஒரு குழப்பத்தை இங்கே தெளிவாக்கியாக வேண்டும். பி.காமிலேயே வணிகச் சட்டம் என்று ஒரு முதன்மைப் பாடம் இருக்கிறது. அதைப் படித்தால் வழக்கறிஞர் ஆக முடியாது. கிறைஸ்ட்சர்ச்சின் கான்டர்பரி பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதி என்று ஒரு இளநிலைப் பட்டமும் இருக்கிறது. நல்ல படிப்பு, காவல், சிறை நிர்வாகம், கொள்கை வகுப்புப் பணிகளுக்குப் போகலாம். அதுவும் எல்.எல்.பி. ஆகாது. பெயரில் சட்டம் இருக்கிறது என்று பெட்டியில் டிக் போட்டுவிட்டு, மூன்றாம் வருடத்தில் வந்து அழும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஹானர்ஸ் விஷயத்தையும் நம்மவர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் ஹானர்ஸ் படிப்புக்குச் சேரும்போதே சேர்கிறோம். மற்ற அரசு சட்டக் கல்லூரிகளில் ஹானர்ஸ் இல்லாத படிப்பு. அங்கே அது வாசலிலேயே முடிவாகிவிடும் விஷயம். ஆக்லாந்தில் அப்படியில்லை. எல்.எல்.பி.யில் சேர்ந்து, முதல் வருடங்களில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களைப் பல்கலைக்கழகம் அழைக்கும். கருத்தரங்குக் கட்டுரை, பிறகு நீண்ட ஆய்வுரை. விண்ணப்பப் படிவத்தில் அதைத் தேட வேண்டியதில்லை.

பாளையங்கோட்டைக்கு ஒரு பதில்

தங்கைக்குச் சொன்ன பதில் வேறு. இந்தியாவில் ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பட்டம் வாங்கிவிட்டு வேறு வேலை கிடைக்கும்வரை மாலை நேரத்தில் சட்டக் கல்லூரியில் பெயர் பதிந்து வைப்பது ஒரு காலத்தில் ஊரெல்லாம் வழக்கமாக இருந்தது. பள்ளி முடித்ததும் சட்டமே குறியாக வரும் பிள்ளைகளை உருவாக்க வேண்டும் என்று நினைத்தார் என்.ஆர்.மாதவ மேனன். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் முதல் ஐந்து வருட மாணவர் அணி 1988-ல் அவர் தலைமையில்தான் தொடங்கியது. அந்த மாதிரிதான் பிறகு நாடு முழுக்கப் பரவியது. திருச்சியில் 2013-லிருந்து இயங்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வரை அதே வழி. அங்கே சேர கிளாட் தேர்வு. இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி. அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளுக்கோ ப்ளஸ் டூ மதிப்பெண்தான். எங்கள் ஊரிலேயே 1996-லிருந்து அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு மூன்று வருடப் படிப்பு போதாதா என்று உச்ச நீதிமன்றத்தில் 2024 ஏப்ரலில் ஒரு பொதுநல மனு வந்தது. ஐந்து வருடப் படிப்பு நன்றாகத்தான் நடக்கிறது என்ற நிலையை நீதிபதிகள் எடுத்தார்கள். மனு திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பே, 2022-ல், ஐந்து வருடத்தைத் தொடங்கிவைத்த அதே பெங்களூரு பள்ளி, பட்டதாரிகளுக்கான மூன்று வருட எல்.எல்.பி.யையும் ஆரம்பித்துவிட்டது. இரண்டு வழிக்கும் இடமிருக்கிறது என்று அந்தப் பள்ளியே ஒப்புக்கொண்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

என் மருமகன் பதினைந்து வயதிலிருந்து கோர்ட் செய்தி படிக்கிறவன். ஜில்லா கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் போய் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறவன். அவனுக்கு ஐந்து வருடமே சரி என்றேன். இன்னொன்றும் சொன்னேன். நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருட வழக்காடல் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஐந்தும் மூன்றும் எட்டு. ஒரு டிகிரி முடித்துவிட்டு மூன்று வருடம் படித்தால் அது ஒன்பது. மாஜிஸ்திரேட் கனவு இருந்தால் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள் என்றேன். அவன் அக்காவுக்கு, பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு இப்போதுதான் சட்டத்தின் மேல் ஆசை வந்திருக்கும் பெண்ணுக்கு, மூன்று வருடப் படிப்பு இருக்கவே இருக்கிறது. தாமதமாக வந்த ஆசை குறைந்த ஆசை அல்ல.

நியூசிலாந்திலும் இந்த மூன்று வருட வழி இருக்கிறது, பெயர்தான் வேறு. ஏற்கெனவே பட்டம் உள்ளவருக்குச் சட்டமல்லாத தாள்கள் கழிந்துவிடும். நான்கு வருடம் ஏறத்தாழ மூன்றாகும். இங்கே குடிவந்து கணக்காளராகவும் செவிலியராகவும் வேலை பார்க்கும் நம் பெண்கள் சிலர் நாற்பதை நெருங்கும் வயதில் இப்படிச் சேர்ந்திருக்கிறார்கள்.

நவி பிள்ளையையும் நினைத்துக்கொள்கிறேன். டர்பனில் 1941-ல் ஒரு பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தமிழ்ப் பெண். ஊர்க்காரர்கள் காசு சேர்த்துப் படிக்கவைத்தார்கள். நேட்டால் பல்கலைக்கழகத்தில் முதலில் பி.ஏ., பிறகு 1965-ல் எல்.எல்.பி. ருவாண்டா இனப்படுகொலை வழக்கை விசாரித்த தீர்ப்பாயத்தில் அவர் இருந்த அமர்வு 1998-ல் பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றம் ஆகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 2008-லிருந்து 2014 வரை ஐ.நா.வின் மனித உரிமை ஆணையர். பி.ஏ. முடித்துவிட்டுத்தான் எல்.எல்.பி. என்ற அவர் காலத்து வழியைத் தென்னாப்பிரிக்கா 1990-களின் கடைசியில் மாற்றி, பள்ளி முடித்ததும் சேரும் நான்கு வருட எல்.எல்.பி.யைக் கொண்டுவந்தது. நாடுகள் வழியை மாற்றி மாற்றிப் பார்க்கின்றன. எந்த வழியும் ஒருவரைப் பெரிய வழக்கறிஞர் ஆக்கிவிடவில்லை.

டிக்காங்காவும் தேசவழமையும்

இப்போது நியூசிலாந்துச் சட்டப் படிப்பில் நடந்திருக்கும் பெரிய மாற்றத்துக்கு வருகிறேன். தமிழ் வீடுகளில் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பேச வேண்டும்.

2025-லிருந்து எல்.எல்.பி. படிக்கும் எல்லோரும் டிக்காங்கா படிக்க வேண்டும் என்று விதி வந்தது. டிக்காங்கா என்பது மாவோரி மக்களின் வழமை: எது சரி, எது முறை, யாருக்கு யார் கடன்பட்டவர், இறந்தவருக்கும் இருப்பவருக்கும் என்ன உறவு என்று தலைமுறைகளாக வந்த நெறிகள். மூத்த வழக்கறிஞர் ஒருவர் இதை எதிர்த்து நாடாளுமன்றக் குழுவிடம் முறையிட்டார். நாடு முழுக்க விவாதம் நடந்தது. சட்டம் படிக்கப் போன பிள்ளைக்கு இது எதற்கு என்று நம் ஆட்களே சிலர் என்னிடம் கேட்டார்கள்.

எதற்கு என்று பீட்டர் எல்லிஸ் வழக்கு சொல்லும். கிறைஸ்ட்சர்ச்சில் குழந்தைகள் காப்பகப் பணியாளராக இருந்தவர். குழந்தைகளைத் துன்புறுத்தியதாக 1993-ல் தண்டிக்கப்பட்டார். கடைசிவரை நான் குற்றமற்றவன் என்றார். உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்ற பிறகு, விசாரணைக்கு முன்பே, 2019-ல் இறந்துபோனார். ஆள் போன பின் வழக்கு எதற்கு என்பது பழைய ஆங்கிலச் சட்டத்தின் போக்கு. ஆனால் டிக்காங்காவில் மனிதன் இறந்த பிறகும் அவன் மானம் இருக்கிறது. அவன் குடும்பத்தின் மானமும் அதோடு கட்டுண்டிருக்கிறது. எல்லிஸ் மாவோரி அல்ல. இருந்தும் அந்த நெறியையும் கருத்தில் கொண்டு வழக்கைத் தொடர விட்டார்கள். 2022 அக்டோபரில் தண்டனைகள் ரத்தாயின. டிக்காங்கா இந்நாட்டுப் பொதுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு பதிந்து வைத்தது.

செத்த பிறகும் மானம் உண்டு என்பதைத் தமிழருக்குப் பாடம் நடத்தியா சொல்ல வேண்டும்?

இதை அந்தச் சமையலறையில் சொன்னபோது அம்மம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கடை தேசவழமை மாதிரியோ?" என்றார். அதே மாதிரிதான். யாழ்ப்பாணத்துத் தமிழரின் சொத்து வழமைகளை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707-ல் தொகுத்தார். ஊர் முதலியார்கள் பன்னிரண்டு பேர் பார்த்துச் சரி என்றார்கள். 1806-ல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். இன்றுவரை அது இலங்கையில் நடப்பில் இருக்கிறது. பங்காளி காணியை வெளியாருக்கு விற்கும் முன் உடன்பங்காளியிடம் கேட்க வேண்டும் என்ற முன்வாங்கல் உரிமைக்காக 1947-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள். ஒரு மக்களின் வழமை எப்படி எழுத்தாகிறது, எழுதும்போது எதை இழக்கிறது, அந்நிய நீதிமன்றம் அதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதெல்லாம் மாவோரிப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசக்கூடிய பொருள். டிக்காங்கா வகுப்புக்கு நம் பிள்ளை வெறுங்கையோடு போகவில்லை.

வானுஷி வால்டர்ஸ் இங்கே நினைவுக்கு வருகிறார். இலங்கையில் பிறந்து, சிறுவயதில் இந்நாட்டுக்கு வந்து, சட்டம் படித்து, மனித உரிமை வழக்கறிஞராகி, 2020-ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர். இலங்கையில் பிறந்த ஒருவர் இந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போனது அதுவே முதல் தடவை.

காசும் கடலும்

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் வருடக் கட்டணத்தை அரசே ஏற்ற திட்டம் 2024-ஓடு முடிந்தது. 2025-லிருந்து கடைசி வருடத்துக்கு 12,000 டாலர் வரை என்று மாற்றினார்கள். அதாவது படிப்பை முடித்தால்தான் சலுகை. மாணவர் கடனுக்கு, நாட்டில் இருக்கும்வரை, வட்டி இல்லை. உதவித்தொகைக்கு 200 வார வரம்பு உண்டு. நான்கு வருடமும் ஐந்து வருடமும் அதில் அடங்கும். ஆனால் ஐந்தாவது வருடத்துக்கு இன்னொரு செலவு இருக்கிறது. சம்பாதிக்கத் தொடங்கியிருக்க வேண்டிய ஒரு வருடம் அது. பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு அது கனமான வருடம்.

எல்லர்ஸ்லியில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்தே ரயிலில் நகரத்துக்குப் போய்வரலாம் என்பது ஒரு பெரிய சேமிப்பு. ஆக்லாந்து பல்கலைக்கழகமும், 2009-லிருந்து சட்டம் நடத்தும் ஏ.யு.டி.யும் நகரத்திலேயே இருக்கின்றன. வாய்காட்டோ என்றால் ஹாமில்டன். விக்டோரியா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி வெலிங்டனில் 1876-ல் கட்டிய மர மாளிகையில் இருக்கிறது, நாடாளுமன்றம் எதிரிலேயே. ஒட்டாகோ தெற்கே டனீடனில். இந்நாட்டின் முதல் பெண் வழக்கறிஞர் எத்தல் பெஞ்சமின் அங்கேதான் படித்து 1897-ல் பெயர் பதிந்தார்.

ஆஸ்திரேலியாவுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும் கவலைப்பட வேண்டாம். நியூசிலாந்தில் பெயர் பதிந்த வழக்கறிஞரை இரு நாட்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி அங்கேயும் ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கும் ஒரு பட்டம் போதும். எதிர்த்திசையில் வருபவர்களின் பாடுதான் கடினம். மதுரையில் எட்டு வருடம் வழக்காடிய என் நண்பர் ஒருவர் இங்கே வந்ததும் சட்டக் கல்விக் கவுன்சிலிடம் தன் பட்டத்தை மதிப்பிடக் கொடுத்தார். இந்நாட்டுத் தாள்கள் பலவற்றை மறுபடி எழுத வேண்டியிருந்தது. இரவு ஷிப்ட் முடித்து, கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து நிலச் சட்டம் படித்தவர் அவர். இன்று அவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. "சட்டம் புதுசு, ஆனா கட்சிக்காரர் முகம் அதே முகம்தாம்ப்பா" என்பார்.

அந்த மேசையில்

அடுத்த வாரம் இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் முதலில் ஒன்று சொன்னேன். பிள்ளையின் பெயர் ஒருநாள் பட்டியலில் ஏறும். அப்போது யாரும் பி.காம். இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். நீங்கள் இரண்டு கோடு போட்ட கட்டம் தப்பில்லை. ஆனால் அது உங்கள் கட்டம். முதல் வருடம் முடிந்ததும் கதவருகே நிற்கப்போவது அவள். அவளுக்கு நன்றாக வரும் பாடம்தான் அங்கே அவளைக் கைதூக்கிவிடும்.

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "காசு உழைக்குமோ அண்ணை, ஹிஸ்டரி?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த பயம் எனக்கும் தெரிந்த பயம்தான். ஊரை விட்டு வந்த எல்லோருக்குள்ளும் அது இருக்கிறது. உழைப்பது சட்டம், அதற்கு உரம் போடுவது மற்றது என்றேன்.

பிறகு அவளிடம் திரும்பி, யாரும் சொல்லாமல் நீயாக எதைப் படிக்கிறாய் என்று கேட்டேன். அவள் எழுந்து அறைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். உள்ளே மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த, பழுப்பேறிய ஒரு காணி உறுதி. அம்மம்மாவின் தகப்பனார் பிறக்கிராசியாகவும் நொத்தாரிசாகவும் இருந்தவர். அவர் கையால் எழுதியது. பள்ளியில் வரலாற்றுப் பாடத்துக்கு வீட்டிலிருந்து ஒரு பழைய ஆவணம் கொண்டுவரச் சொன்னார்களாம். பாடம் முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. அவள் விடவில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஒரு நோட்டில் வரி வரியாகப் பென்சிலால் எடுத்தெழுதி, புரியாத சொல்லுக்கெல்லாம் வட்டம் போட்டு வைத்திருந்தாள். பதினான்கு வரி முடித்திருந்தாள்.

அப்பா அந்த நோட்டை முதல் தடவையாகப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கட்டம் போட்ட தாளை எடுத்து, மூன்றாவது கட்டத்தை மகள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"எட்டாந்தேதிக்கு முதல் அனுப்பிப்போடு பிள்ளை," என்றார்.

அவள் தலையாட்டினாள். கை நோட்டின் மேல் இருந்தது. வட்டம் போட்ட ஒரு சொல்லில் விரலை வைத்து, "அம்மம்மா, இந்த 'முதுசம்' எண்டால் என்ன?" என்று கேட்டாள்.

அம்மம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதிரையை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்.